உடல் வராத சாவு வீடு

2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி யாழ்ப்பாணம் செம்மணியில் நீண்ட வரிசை ஒன்று நின்றது. சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடைக்காக மண் வெட்டியபோது அவ்வாண்டு பெப்ரவரியில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. மே மாதம் முதல் நீதிமன்றக் கண்காணிப்பில் அகழ்வு நடந்தது. 200க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் இனங்காணப்பட்டன. அவற்றோடு கிடைத்த துணிகள், விளையாட்டுப் பொருட்கள், பாடசாலைப் பை முதலானவற்றை அன்று பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். முப்பது வருடங்களுக்கு முன் காணாமற்போன மகனின் சட்டையோ சகோதரியின் பாவாடையோ அங்கே இருக்குமா என்று தேடி வந்தவர்களே அந்த வரிசையில் நின்றார்கள். கண்டுபிடித்துவிடுவோமோ என்றும் அவர்களுக்குப் பயம். ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போவோமோ என்றும் பயம்.

தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் இதழ் செம்மணியைப் பற்றி ஏன் எழுதுகிறது என்று சிலர் கேட்கக்கூடும். எழுபதுகளின் பஞ்சத்தில் பட்டினி கிடந்தும், 1977இல் அடிபட்டும், மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன எம்மவர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் அவர்களும் வன்னியில்தான் இருந்தார்கள். இன்று பல லயங்களில் வடக்கே போன அண்ணனின் படம் மாலை போடாமலே சுவரில் தொங்குகிறது. மாலை போட யாருக்கும் மனம் வரவில்லை.

அது மட்டும் காரணமல்ல. உடல் வராத சாவு வீடு மலையகத்துக்கும் நன்றாகத் தெரியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. சில நாட்கள் தேடினார்கள். மழையும் மண்ணின் கனமும் விடவில்லை, தேடல் நின்றது. மீட்ட உடல்களைவிட மீட்காதவையே கூடுதல். அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரிக்கைகள் வந்திருந்தன என்பதும் பிறகு தெரியவந்தது. அங்கே உறவினரை இழந்தவர்களின் துக்கத்தோடு கோபமும் கலந்திருந்தது. தப்பியவர்கள் நெடுநாள் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இருந்தார்கள். அரிசி வந்தது, பாய் வந்தது, படம் பிடிக்கிறவர்களும் வந்தார்கள். செத்தவர்களைப் பற்றி உட்கார்ந்து பேச வந்தவர்கள் எத்தனை பேர்?

இப்படிப்பட்ட துக்கத்தைப் பற்றி இந்த நாட்டில் தமிழிலேயே நீண்டகாலம் ஆராய்ந்தும் எழுதியும் வந்த இடம் யாழ்ப்பாணம். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் டொக்டர் சிவயோகன் போன்றவர்களும் தெல்லிப்பழை, யாழ்ப்பாண வைத்தியசாலைகளில் யுத்தத்துக்கு நடுவே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே அதைச் செய்தார்கள். உறவை இழந்தவரின் துயரத்துக்கு அவர்கள் பயன்படுத்தும் சொல் ‘இழவிரக்கம்’. கூட இருந்து கேட்டு ஒருவரைத் தேற்றும் பணிக்கு ‘சீர்மியம்’ என்ற சொல்லும் அங்கிருந்துதான் பரவியது. ஆசிரியர்கள், கிராம உத்தியோகத்தர்கள், மருத்துவிச்சிகள் போன்றவர்கள் படித்துப் பழகும்படி தமிழில் கைநூல்கள் எழுதினார்கள். சாந்திகம் என்ற நிறுவனத்தின் மூலம் ஊரவர்களையே பயிற்றுவித்தார்கள். வெளியிலிருந்து நிபுணர் வருவார் என்று காத்திருக்க அன்று பாதையும் திறந்திருக்கவில்லை.

சோமசுந்தரம் 2007இல் வெளியிட்ட ஆய்வின் முக்கியமான செய்தி, யுத்தமும் சுனாமியும் காயப்படுத்தியது தனித்தனி மனங்களை மட்டுமல்ல என்பது. குடும்பமும் ஊரும் காயப்பட்டிருந்தன. அயலவரிடம் நம்பிக்கை போயிருந்தது. வாய் திறந்து பேசுவது ஆபத்து என்று மக்கள் பழகியிருந்தார்கள். ஆகவே ஆளுக்கொரு அறையில் ஆலோசனை சொன்னால் போதாது. குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத்தான் தேற்ற வேண்டும், ஊரின் சடங்குகளும் கூடுகைகளும் திரும்ப உயிர்பெற வேண்டும் என்றார். 1998இல் தனிமனித மனங்களின் வடுக்களைப் பற்றி எழுதியவர், 2014இல் வந்த நூலுக்குச் சமூகங்களின் வடு என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையே அவர் வந்த தூரம் தொழிற்சங்கக்காரர்களாகிய எமக்குப் புதிதல்ல. ஒருவரின் கஷ்டத்தை அவர் ஒருவரின் கஷ்டமாக மட்டும் பார்க்கக் கூடாது என்பதில்தானே சங்கமே தொடங்குகிறது.

காணாமற்போனவரின் வீட்டில் நடப்பது சாதாரண இழவிரக்கமல்ல. அமெரிக்காவில் போலின் பொஸ் என்ற பேராசிரியை வியட்நாம் யுத்தத்தில் காணாமற்போன சிப்பாய்களின் மனைவியரை எழுபதுகளில் ஆராய்ந்தார். ஆள் இல்லை, ஆனால் மனதில் இருக்கிறார். இறந்தார் என்று சொல்ல ஆதாரமில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆதாரமில்லை. இதைத் தெளிவில்லாத இழப்பு என்று அவர் தனியாக வகுத்தார். இழப்புகளிலேயே தாங்க மிகக் கடினமானது இது, ஆனால் இது அந்தப் பெண்ணின் மனக்கோளாறு அல்ல, நிலைமைதான் கோளாறு என்றார்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அந்த வீடுகளுக்குள் போய்ப் பார்த்தால் இது புரியும். பொட்டு வைப்பதா, அழிப்பதா? திவசம் கொடுத்தால் நாமே கொன்றதாகிவிடுமா? கொடுக்காமல் விட்டால் ஆத்மா அலையுமா? மகளின் கல்யாணப் பத்திரிகையில் தகப்பன் பெயருக்கு முன் என்ன போடுவது? வீட்டை மாற்றினால் அவன் திரும்பி வரும்போது எங்கே தேடுவான்? சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் காணாமற்போனோரின் குடும்பங்களை நாடு முழுவதும் சந்தித்து 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தமிழ்த் தாய்மாரோடு, காணாமற்போன சிங்களச் சிப்பாய்களின் தாய்மாரும் அதில் பேசினார்கள். என்ன நடந்தது என்று தெரிய வேண்டும் என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

அதே 2016இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. அதற்கு முன் காணாமற்போனவரின் வங்கிக் கணக்கையோ காணியையோ தொட வேண்டுமானால் மரணச் சான்றிதழ் வேண்டும். மரணச் சான்றிதழில் கையெழுத்து வைப்பது மகனுக்குக் கொள்ளி வைப்பது போல என்று தாய்மார் மறுத்தார்கள். திருத்தத்தின் பிறகு, இறந்தார் என்று சொல்லாமல், காணாமற்போயுள்ளார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். ஆள் எங்கே என்ற கேள்விக்கு அது பதிலாகாது என்று தாய்மார் சொல்வது சரிதான். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்தவர்களில் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். ஆனாலும் அந்தச் சான்றிதழ் உதவி செய்பவர்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறது. ஒரு படிவத்தின் ஒரு சொல் கூட துக்கத்தில் இருப்பவரைக் கொல்லும், அல்லது கொஞ்சம் மூச்சுவிட வைக்கும்.

இந்த இடத்தில் ஒரு தொழிற்சங்கத்தின் கதை. 2001 செப்டெம்பர் 11இல் நியூயோர்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது செத்தவர்கள் எல்லோரும் பெரிய உத்தியோகத்தர்கள் என்றே நாம் நினைத்தோம். அங்கே தரை கூட்டியவர்கள், கண்ணாடி துடைத்தவர்கள், காவல் நின்றவர்கள், மின்தூக்கி இயக்கியவர்கள் இருந்தார்கள். பலர் பிறநாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 32பிஜே என்ற சங்கத்தின் உறுப்பினர்கள். உடல்கள் கிடைக்கவில்லை. அந்தச் சங்கம் போலின் பொஸ்ஸை உதவிக்கு அழைத்தது. அவரும் மற்றவர்களும் குடும்பங்களை வைத்தியசாலை அறைக்குக் கூப்பிடவில்லை. அவர்களுக்குப் பழக்கமான சங்கக் கட்டடத்திலேயே பல குடும்பங்களைப் பிள்ளைகள், பாட்டிமாரோடு ஒன்றாகக் கூட்டினார்கள். அவரவர் மொழியில் பேச வழி செய்தார்கள். ‘ஏற்றுக்கொள், அவர் செத்துவிட்டார்’ என்று யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. அவர் போயிருக்கலாம், வரவும் கூடும், இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டே நாளைக்குச் சமைக்கலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இடம் கொடுத்தார்கள். உட்கார ஓரிடமும், தெரிந்த முகங்களும், தம் மொழியும் வேண்டியிருந்தன. இந்த மூன்றும் எந்தத் தோட்டத்திலும் இருக்கின்றன.

உதவி செய்யப் போகிறவர்கள் கெடுத்துவிடுவதும் உண்டு. 2004 டிசெம்பர் 26இன் பிறகு வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிராமங்களில் அள்ளிய உடல்களை அவசரமாகப் புதைக்க வேண்டியிருந்தது. முகம் பார்க்காமல், சடங்கு செய்யாமல் அனுப்பிவைத்தவர்களின் துக்கம் பிறகு நீண்டு சிக்கலானது. அதே நாட்களில் நாடு முழுவதும் மனத்துயர் தீர்க்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். மொழி தெரியாதவர்கள் சின்னப் பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லி, கதை கேட்டு, கிழமை முடிந்ததும் விமானம் ஏறினார்கள். நல்ல மனதோடு வந்தவர்களே அவர்கள். ஆனால் ஒரு காயத்தைத் திறந்துவிட்டுப் போவதற்கும் கட்டிவிட்டுப் போவதற்கும் வேறுபாடு உண்டு.

2013இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலை எமது தோட்ட டிஸ்பென்சரிகளின் சுவரில் ஒட்டலாம். உறவை இழந்த ஒருவருக்கு வேறு மனநோய் ஏதும் இல்லாவிட்டால், எல்லோருக்கும் ஒரேயடியாக மனச்சிகிச்சை கொடுக்க வேண்டாம் என்கிறது அது. இழவு வீட்டில் அழுகிறவர்களுக்கு நித்திரைக் குளிசையும் பதற்றம் அடக்கும் குளிசையும் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. ‘ரொம்ப அழுறா, ஏதாவது ஊசி போட்டு தூங்க வைங்க’ என்று நாமேதான் கேட்கிறோம். அவள் அழ வேண்டிய மூன்று நாளையும் தூங்கிக் கழித்துவிட்டு, எல்லோரும் போன பிறகு தனியாக எழுந்து உட்காருகிறாள். ஆண்களுக்கு நாம் கொடுக்கும் குளிசை வேறு. சாவு வீட்டுக்குப் பின்னால் போத்தல் திறப்பதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, ஒவ்வொன்றாக ஏற வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் இன்னும் சொல்கிறார்கள். 1969இல் அதை எழுதிய எலிசபெத் குப்ளர் றொஸ் கேட்டு எழுதியது சாகப்போகிற நோயாளிகளைப் பற்றி. இழந்தவர்களைப் பற்றியல்ல. துக்கம் படி ஏறுவதில்லை, அது ஊசலாடுகிறது என்று 1999இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு நேரம் இழப்பில் மூழ்கிவிடுவார்கள், இன்னொரு நேரம் அன்றாட வேலையில் ஒதுங்குவார்கள். இரண்டும் வேண்டும். நான்காம் நாள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிற பெண்ணைப் பார்த்து, ‘புருஷன் செத்து நாலு நாள் ஆகல, கொழுந்து பறிக்கப் போயிட்டா’ என்று லயத்தில் பேசுகிறோம். வீட்டில் அரிசி இல்லை என்பது ஒன்று. மலையில் அக்கம்பக்கம் ஆட்களோடு நிற்கும்போது அவளுக்கு மூச்சுவிட ஒரு நேரம் கிடைக்கிறது என்பது இன்னொன்று. வேலைக்குப் போவதும் அழுவதும் ஒருத்திக்குள்ளேயே மாறி மாறி நடக்கட்டும்.

எமது வழக்கங்களை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. தப்பு அடிக்கிறபோது மலைக்கு மலை சேதி போகிறது, வேலை நிற்கிறது, ஆட்கள் வருகிறார்கள். ஒப்பாரியில் கிழவி ஒருத்தி செத்தவரின் வாழ்க்கையைப் பிறந்ததிலிருந்து சொல்லிச் சொல்லி அழுகிறாள். அந்த வீட்டுப் பெண்கள் சொல்ல முடியாததை அவள் வாய் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் எட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, மாசிகம், ஆட்டத்திவசம் என்று வருடம் முழுக்க நாட்கள் குறித்திருக்கிறது. தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் கூடுகிறார்கள். யுத்த காலத்தில் பல வருடங்கள் அந்தக் கரைக்குப் போகவே விடவில்லை. இந்த நாட்களுக்கெல்லாம் ஆட்கள் திரும்ப வர வேண்டும் என்பதுதான் அவற்றின் பயன். செத்த வீட்டை ஊர் மறந்துவிடாமல் நாள்காட்டி பார்த்துக்கொள்கிறது. மனத்துயர் ஆய்வுகள் இன்று சொல்வதும் இதுவே. இழந்தவரோடுள்ள உறவை அறுத்தெறியத் தேவையில்லை, படையலில் ஒரு பிடி சோறு வைத்துத் தொடரலாம். யாழ்ப்பாண மருத்துவர்கள் சடங்கை மூடநம்பிக்கை என்று தள்ளவில்லை, மருந்துப் பெட்டிக்குள் சேர்த்தார்கள்.

ஆனால் கருமாதிக் கடன் வேறு விஷயம். காதுத்தோட்டை அடகு வைத்து ஊருக்குச் சோறு போட்டுவிட்டு வட்டி கட்டிக்கொண்டிருக்கிற வீட்டில் துக்கம் ஆறாது. மரண உதவிச் சங்கங்கள் பெட்டிக்கும் பந்தலுக்கும் கொடுப்பதோடு கருமாதிச் செலவுக்கு ஓர் உச்ச அளவையும் தோட்டக் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும் என்பது எமது எண்ணம். இதில் சிலர் எம்மோடு கோபிப்பார்கள் என்பது தெரியும்.

அரபு நாட்டில் செத்துப் பெட்டியில் வருகிற பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியைத் திறக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். வந்தது தன் அம்மாதானா என்று வாழ்நாள் முழுக்கச் சந்தேகப்படுகிற பிள்ளைகள் எமது லயங்களில் இருக்கிறார்கள். முகம் பார்ப்பதா வேண்டாமா என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். என்ன நிலையில் இருக்கிறது என்று முன்பே நேர்மையாகச் சொன்னால் முடிவெடுக்க அவர்களுக்கும் தெரியும். முகம் பார்க்க முடியாவிட்டால் கையையோ, போட்டிருந்த வளையலையோ காட்டலாம். செம்மணியில் ஒரு துண்டுத் துணியைப் பார்க்க அத்தனை தூரம் வந்தார்களே.

பிள்ளைகளிடம் பொய் சொல்ல வேண்டாம். ‘அப்பா கொழும்புக்குப் போயிருக்கார்’ என்று சொன்ன பிள்ளை, ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு நிற்கும். நாளைக்கு அம்மா கடைக்குப் போனாலும் திரும்பி வருவாளா என்று பயப்படும். செத்துவிட்டார், இனி வரமாட்டார், அது உன்னுடைய குற்றமில்லை என்று அதற்குப் புரிகிற சொல்லில், தெரிந்த ஒருவர் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் பிள்ளைகளை அடுத்த லயத்துக்கு ஒளித்து வைப்பதும் நல்லதல்ல. பக்கத்தில் ஒரு பெரியவர் கையைப் பிடித்திருந்தால் அவர்களும் ஒரு பூப் போடலாம்.

எல்லாத் துக்கமும் தானாக ஆறிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. ஆறு மாதம் கடந்தும் ஒருவர் சாப்பிடாமல், பேசாமல், செத்தவரைத் தவிர வேறொன்றும் நினைக்க முடியாமல் முடங்கிக் கிடந்தால் அதை நீண்ட இழவிரக்கம் என்று 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக நோய்ப் பட்டியல் தனியாக வகுத்திருக்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. நானும் போய்விடுகிறேன் என்ற பேச்சு வந்தால் ஆறு மாதம் பார்க்கக் கூடாது, அன்றைக்கே அழைத்துப் போக வேண்டும். களைநாசினிப் போத்தலை வீட்டிலிருந்து அகற்ற வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். தற்கொலை முயற்சி 1998 முதல் இந்நாட்டில் குற்றமல்ல, ஆகவே பொலிஸுக்குப் பயந்து வைத்தியசாலையைத் தவிர்க்க வேண்டாம். தற்கொலையால் ஒருவரை இழந்த வீட்டுக்கு ஆட்கள் போகத் தயங்குகிறார்கள். அந்த வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

நாம் கேட்பது இதைத்தான். நாட்சம்பளக்காரருக்கு இழவுக்கு விடுமுறை என்றால் சம்பளமில்லாத நாள் என்று பொருள். தாய், தகப்பன், கணவன், மனைவி, பிள்ளை இறந்தால் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும் என்பதைச் சம்பளப் பேச்சுவார்த்தையில் வைக்க வேண்டும். குளவி கொட்டியோ மரம் விழுந்தோ வேலைத்தளத்தில் ஒருவர் செத்தால், நட்டஈட்டுப் படிவத்தை அந்தக் குடும்பம் ஒவ்வொரு வாசலாகத் தூக்கி அலையக் கூடாது. தலைவர் ஒருவர் பொறுப்பெடுத்து எழுதி முடிக்க வேண்டும். ஆய்வாளர்கள் இதை நடைமுறை உதவி என்பார்கள், அழுகிறவருக்கு அதுவே பாதி ஆறுதல். மலையக வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுக்குத் தமிழில் பேசத் தெரிந்தவர்களை நியமிக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்புக்கு வைத்துக்கொண்டு தாய் தன் துக்கத்தைச் சொல்ல முடியாது. தமிழில் சீர்மியப் பயிற்சி கொடுக்கத் தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்களையும், குடும்பநல மருத்துவிச்சிகளையும், எமது மாதர் அணித் தலைவிகளையும் அங்கே அனுப்பலாம், அவர்களை இங்கேயும் அழைக்கலாம். வடக்குக்கும் மலையகத்துக்கும் உறவு வேண்டும் என்று மேடைகளில் அடிக்கடி பேசுகிறோம், இதில் தொடங்கலாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் லயங்களில் உடல் வராமல் போனவர்களின் பெயர்களை எழுதி எடுக்க வேண்டுகிறோம். மண்ணுக்குள் போனவர்கள், வடக்கே போய்த் திரும்பாதவர்கள், வெளிநாட்டிலிருந்து பேச்சு நின்றுபோனவர்கள் எல்லோரும் அதில் அடங்குவர். பெயரோடு யார் அவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தக் குடும்பங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில் கூட்டி, தேநீர் கொடுத்து, அவர்கள் பேசும்வரை இருங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த மாதமும் கூட்டுங்கள்.